கருங்கணவாயின் கடைசிப் புத்தகம்

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் நல்ல பனி. கைகாட்டி தாண்டும் வரை பஸ் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வார ஓய்வு. உடையார்பாளையம் போனேன், சிநேகிதி அரசியைப் பார்க்க.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. பொங்கல் லீவு முடிந்த வாரம், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்தாளாம். ஸ்ட்ரோக். திருச்சியில் வைத்திருந்தார்கள். உயிர் தங்கியது. வலது கை வெறுமனே தொங்குகிறது. காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். பேச்சு போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. “அதான்” மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமா, அதான். வலிக்கிறதா, அதான். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், என் பெயரைச் சொல்ல. தேடினாள். உள்ளே எங்கேயோ இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. “அதான்... அதான்...” பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். மாத்திரை டப்பா, துண்டு, க.க.8 புத்தகம். பாதியில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தது. அதுவரை படித்திருக்கிறாள்.

நான் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இடது கையால் தட்டிவிட்டாள். கீழே விழுந்தது.

அவள் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அண்ணன் என்னை வாசல் வரைக்கும் கூட்டிவந்து சொன்னார். “எழுத்து ஒண்ணும் புரியல வசந்தி. பேப்பர குடுத்தா எறும்பு ஓடுற மாதிரி பாக்குறா. அந்தப் புத்தகத்த பாத்தாலே கோவம் வருது. எடுத்துப் பரண்ல போட்டுடட்டுமா?”

வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சிமென்ட் ஆலையில் ஏ ஷிஃப்ட். கிளிங்கர் சாம்பிள் காலையிலிருந்தே சரியில்லை, சூளைக்காரர்களுக்கும் லேபுக்கும் போனில் சண்டை. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது தூங்கவில்லை. ஆலத்தியூர் ரோட்டில் வேப்பமரமெல்லாம் சாம்பல் பூத்து நிற்கிறது.

க.க. பற்றி ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இதுவரை எழுதியதே இல்லை.

கருங்கணவாய். அது நாங்கள் வைத்த பெயர். இங்கிலீஷ் பெயர் நீளம். திருச்சி ஹாஸ்டலில் இருந்தபோது அரசி பழைய புத்தகக் கடையிலிருந்து முதல் பாகத்தை அட்டை இல்லாமல் வாங்கி வந்தாள். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு, நடுவில் ஒரே ஒரு கணவாய். அதில் ஒரு பெரிய கதவு. கதவைக் காக்கிறவள் நெவ்ரா. அவள் தம்பி காஸ்தன். பனியிலிருந்து எழுந்து வருகிற, முகம் இல்லாத படை. ஒன்பது பாகம் என்று ஆசிரியர் சொன்னார். ஏழு வந்தது. பிறகு வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. போன வருஷம் எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்து வந்துவிட்டன.

எனக்கு அப்போது இங்கிலீஷ் வராது. செந்துறை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அரசி படித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது தமிழில் சொல்வாள். மூன்றாம் பாகத்திலிருந்து டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நானே படிக்க ஆரம்பித்தேன். எப்போதும் அவள்தான் முதலில். நான் முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவளால் முடியாது. முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் பாகம் மகா அறுவை. வரைபடமும் வம்சாவளியும்தான். அதையும் சேர்ந்துதான் திட்டினோம்.

எங்கள் இருவருக்கும் கல்யாணம், வேலை, அவளுக்கு மகள், எனக்கு இல்லை என்றானது, அப்பா போனது, எல்லாமே ஏதாவதொரு பாகத்துக்கு நடுவில்தான் நடந்தன.

ஞாயிறு அன்று நானே படித்துச் சொல்லப் போகிறேன். தமிழில்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அதே பஸ். ஜன்னலோரம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

க.க.8-ஐ எடுத்ததும் மறுபடியும் தட்டிவிட்டாள். நான் குனிந்து எடுத்தேன். “நீ படிக்க வேணாம்டி. நான் சொல்றேன். கேக்கப் பிடிக்கலன்னா தூங்கு” என்றேன். பத்திரிகை செருகியிருந்த பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

கஷ்டமாக இருந்தது. இங்கிலீஷில் பார்த்து வாயில் தமிழாக வர வேண்டும். நெவ்ரா பேசினால் எப்படிப் பேசுவாள்? ராஜா காலத்துத் தமிழா, நம்ம ஊர்த் தமிழா? ராஜா தமிழில் சொல்லிப் பார்த்தேன், நாடகம் போல் இருந்தது. அரசி அப்போதெல்லாம் எப்படிச் சொன்னாள் என்று யோசித்தேன். சாதாரணமாகத்தான் சொல்வாள். நெவ்ரா சோறு தின்பாள், தம்பியை “டேய்” என்பாள். அப்படியே சொன்னேன்.

அண்ணன் உள்ளே காபி கொண்டுவந்தவர், நின்று கேட்டார்.

“என்னது, கணவாயா? காரைக்கால் பக்கம் வறுத்துக் குடுப்பானே, அந்தக் கணவாயா?”

“அது மீன் அண்ணே. இது மலைக்கு நடுவுல போற வழி.”

“அதுக்கு எதுக்குக் கதவு?”

அரசி சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, சத்தம் வரவில்லை, ஆனால் சிரிப்புதான். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இதுதான் முதல் முறையாம்.

வரும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “அடுத்த வாரமும் வந்துடுங்க” என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு மட்டும் போதாது, புத்தகம் செங்கல் கனம். அதனால் தினமும் வீட்டில் கொஞ்சம் படித்துவிட்டு மறுநாள் கேன்டீனுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாட்ஸப்பில் குரல் பதிவு. அண்ணன் அதை அவளுக்குப் போட்டுக் காட்டுகிறார். கதையில் அதிகாரிகள் வரும் காட்சிகளைச் சுருக்கிவிடுகிறேன். நெவ்ரா வரும் இடமெல்லாம் முழுசாக.

லேபில் இருக்கும் பெண் கேட்டாள்: “அக்கா, யாரோட சண்டை? கோட்டை, படைன்னு என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்க?” ஃபிரெண்டுக்குக் கதை சொல்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை. நல்ல பெண்.

என் வீட்டுக்காரர் சேகர் கேட்டார், “இன்னும் எத்தனை பாகம்?” ஒன்றரை என்றேன். “முடிஞ்சா என்ன பண்ணுவீங்க ரெண்டு பேரும்?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் மீதி எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன்.

யூடியூப்பைத் திறக்கவே கூடாது. முகப்பில் எவனோ “கடைசிப் பாகம் ஏமாற்றமா?” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

மார்ச் 19, புதன்

லீவு போட்டேன். பெரம்பலூர். ஸ்பீச் தெரபிக்கு அவர்களோடு நானும். அண்ணனுக்கு முந்திரிக் காட்டில் காவல் போடும் வேலை. காய் பிடித்துவிட்டது, திருட்டுப் போகிறது. அவர் பாதி நேரம் போனில்.

தெரபிஸ்ட் சின்னப் பெண், அமைதியாகப் பேசுகிறாள். படம் போட்ட அட்டைகள். மாடு, சாவி, குடை. ஒவ்வொன்றாகக் காட்டி, “இது என்ன மேடம்? முதல் எழுத்து நான் சொல்றேன். மா...”

அரசி மாட்டையே பார்த்தாள். வாய் குவிந்தது. “அதான்.”

“பரவாயில்ல மேடம். கு...”

“அதான்.”

நாலாவது அட்டையில் எழுந்துவிட்டாள். காலை இழுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டாள். எத்தனை பிள்ளைகளை எம்.எஸ்சி. வரை ஏற்றிவிட்டவள். ஒரு மாட்டைச் சொல்ல முடியவில்லை.

வெளியே வைத்துத் தெரபிஸ்ட் எனக்கு விளக்கினாள். “அவங்களுக்கு எல்லாமே புரியுது. கதை, நடப்பு, யார் என்ன நெனைக்கிறாங்க, எல்லாம். வார்த்தைதான் வெளிய வரமாட்டேங்குது. முன்ன மாதிரி முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். கொஞ்சம் வரும். ஆனா அவங்க மனசு வச்சாத்தான் வரும். இப்ப அவங்க மனசு விட்டுட்டாங்க.”

கதை சொல்வதைப் பற்றிச் சொன்னேன். “சொல்லுங்க. நடுவுல கேள்வி மட்டும் கேக்காதீங்க. டெஸ்ட் வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது.”

நாலு ரோட்டில் டீ. அரசி குடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி லீவு எங்களுக்குக் கிடையாது. வார ஓய்வுதான். கடும் வெயில்.

க.க.8 முடிந்தது. முகமில்லாத படை கணவாய்க்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டுவிட்டது. வடக்கே இருக்கும் ஊர்ச்சனங்கள் இன்னும் கதவுக்கு வெளியே. காஸ்தன் அவர்களைக் கூட்டிவரப் போயிருக்கிறான். நெவ்ரா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியே நிறுத்திவிட்டார் ஆசிரியர்.

அரசி கை நீட்டினாள். அடுத்தது எடு என்று. க.க.9 என் பையில்தான் இருந்தது. முதல் அத்தியாயம் சொன்னேன். கண் மூடவில்லை.

ஆனால் இளைத்துவிட்டாள். நைட்டி தோளில் நிற்கவில்லை. அண்ணன் அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

“ரெண்டு வாய் வாங்குறா, தள்ளி வுட்டுடுறா. மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு அப்புறம் துப்புறா. எனக்கென்னமோ அவ போயிடணும்னு பாக்குறா வசந்தி.”

தட்டைக் கழுவினேன்.

“நீங்க கதை சொல்றப்பதான் முகத்துல உசுரு வருது. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் பொம்பள இருக்கா பாருங்க, கதவுக்காரி. அவமேலதான் இவளுக்கு உசுரு. அவளுக்கு எதனா ஆவுதுன்னா சொல்லாதீங்க. சாவுற கதை எதுவும் இப்ப வேணாம்.”

சரி அண்ணே என்றேன். அதுவரைக்கும் நானும் படித்திருக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பி ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில். சமைத்துவிட்டுப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து குழம்பு தீய்ந்தது.

நெவ்ரா போய்விட்டாள்.

சனங்கள் எல்லாம் கதவுக்குள் வந்துவிடுகிறார்கள். காஸ்தன் கடைசியாக, ஒரு கிழவனைத் தோளில் போட்டுக்கொண்டு. கதவைச் சாத்தினால் நிற்கவில்லை. உள் தாழ்ப்பாள் முறிந்து கிடக்கிறது. வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் மட்டும் நன்றாக இருக்கிறது. யாராவது வெளியே நின்றுதான் போட முடியும். காஸ்தன் யோசித்து முடிப்பதற்குள் அவனை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே போய்த் தாழ் போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான். அவள் சாவதைக் காட்டவே இல்லை. தம்பி கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இருபது வயதிலிருந்து கூட வந்தவள். அழுதேன். ஆலைக்குக் கிளம்பும்போது முகம் கழுவியும் சேகர் கண்டுபிடித்துவிட்டார். “யாரு?” என்றார் பயந்துபோய். நெவ்ரா என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார். கேலி செய்யவில்லை.

இதை அரசியிடம் எப்படிச் சொல்வேன்.

சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 5, சனி

நெவ்ராவின் முடிவை மாற்றி வைத்துவிட்டேன். பஸ்ஸில் இரண்டு நாளாக அதே யோசனை. கதவுக்குப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் போகும் ஒற்றையடிப் பாதை. தாழ் போட்டதும் அதில் ஏறிவிடுகிறாள். பனியில் மறைந்துவிடுகிறாள். வசந்தகாலத்தில் தம்பியை வந்து பார்ப்பாள். படைக்கு வழி தெரியாது. பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஆடு மேய்ப்பவர்கள் வருகிறார்கள் அல்லவா.

குரல் பதிவில் வேண்டாம். நேரில்தான் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தார். வெளியே வாசலில் முந்திரிக்கொட்டை காயப் போட்டு, இரண்டு பெண்கள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபேனில் அனல் காற்று. அரசி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சனங்கள் உள்ளே வருவது வரை புத்தகத்தில் உள்ளபடியே சொன்னேன். கிழவன், காஸ்தன், முறிந்த தாழ்ப்பாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நிறுத்தாமல் சொன்னேன். வெளியே போனாள், தாழ் போட்டாள், பக்கத்தில் ஒரு ஆட்டுப்பாதை இருந்தது, ஏறிவிட்டாள். படை வந்து பார்த்தால் யாரும் இல்லை. மலைக்கு மேலே உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று முடித்தேன். பக்கத்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

“பொய்.”

அண்ணன்தான் சொன்னார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் என்னைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்” என்றாள் அரசி மறுபடியும். தெளிவாக. அவளுடைய பழைய குரல், வகுப்பில் பேசும் குரல்.

அண்ணன் பாய்ந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். “பேசிட்டா! வசந்தி, பேசிட்டா பாருங்க! அரசி, இன்னொரு தடவ சொல்லு!” அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. வாசலில் இருந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மாத்திரை, அட்டை, மாடு, குடை, “நல்லாயிடுவீங்க டீச்சர்” என்று வந்து போகிறவர்கள், எல்லாரும் அவளிடம் சொல்வது ஒன்று, மறைப்பது ஒன்று. மறைக்காதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்திருக்கிறாள்.

இடது கையைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். அழுத்தினாள்.

“ப... ப... படி.”

அண்ணன் வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார். நான் படித்தேன். ஒரு வரி இங்கிலீஷில், ஒரு வரி தமிழில். அவள் தம்பியைத் தள்ளினது. தாழ் விழுந்த சத்தம். அவன் காதை வைத்துக் கேட்டது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

அரசி அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவளாம். பிறந்த வீட்டுச் சாவுக்கு அழுவது போல், ஆடி ஆடி, நல்ல கையால் மார்பில் அடித்துக்கொண்டு. பிடித்துக்கொண்டேன். நானும்தான் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது.

மூச்சு வாங்க ஆரம்பித்தது. அண்ணன் பயந்துவிட்டார். பி.பி. மெஷினைக் கட்டிப் பார்த்தார், ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார். அப்புறம் என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார்.

“நான் சொன்னேன்ல? கையெடுத்துக் கும்புடாத கொறையா சொன்னேன்ல? மறுபடி ஒண்ணு வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கதைக்காக எம்பொண்டாட்டிய...” முடிக்கவில்லை. “கொஞ்ச நாளைக்கு வராதீங்க.”

புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு, வெயிலில் நடந்தே பஸ் ஸ்டாண்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஜெனரல் ஷிஃப்ட். குரல் பதிவு இல்லை. கேன்டீனுக்குப் பின்னால் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். முதலில் பொய் சொல்லி, பிறகு உண்மை சொல்லி. பி.பி. எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. போன் செய்யலாமா?

செய்யவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தெரபிஸ்ட்டுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். எந்த வார்த்தை, எப்போது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு: “அவங்க கோவத்துலதான் அந்த வார்த்தை வந்திருக்கு மேடம். அப்படி வரும். ஆனா ‘படி’ன்னாங்க பாருங்க, அது கோவம் இல்ல. அது அவங்களா தேடி எடுத்தது.” பி.பி. பற்றி அண்ணன் பயப்படுவதும் நியாயம்தான் என்றாள். இரண்டும் சரியென்றால் நான் என்ன செய்வது?

சேகர் கடைக்குப் போய் எனக்குப் பிடித்த பக்கோடா வாங்கி வந்தார். இரண்டு தின்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். தெருவில் காவடி. ரோடெல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் அண்ணனிடமிருந்து போன்.

“வசந்தி. கோச்சுக்காதீங்க.”

“அரசிக்கு என்னண்ணே?”

“ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா. பி.பி. எறங்கிடுச்சு. அன்னைக்கு அழுதுட்டுத் தூங்கினா பாருங்க, எழுந்து சோறு கேட்டா. ‘சோ’ன்னா. நான்தான் போட்டேன். ஒரு தட்டு முழுசா சாப்ட்டா. அதுலேருந்து சாப்புடுறா. மாத்திரையும் துப்பல. புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. நேத்து ராத்திரி என்கிட்ட காட்டி ‘படி’ங்கறா. எனக்கு இங்கிலீஷ் எங்க வரும்? முன்னப் பின்னப் புரட்டிக் காட்டுனேன். என்னைய ஒரு பார்வ பாத்தா.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“நான் அவளக் காப்பாத்தறேன்னு நெனச்சுக்கிட்டு, அவள ஒரு கொழந்தையாட்டம் வச்சிட்டேம்மா. வாங்க. வூட்டுக்கு வாங்க.”

ஏப்ரல் 13, ஞாயிறு

மீதி நூற்றுச் சொச்சம் பக்கம். இன்று பாதி.

நான் உள்ளே போனதும் அரசி கட்டிலில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையை ஆட்டிவிட்டாள், ஈ ஓட்டுவது போல. புத்தகத்தைக் காட்டினாள்.

நெவ்ரா இல்லாத அத்தியாயங்கள். எப்படிப் படிப்பது என்று இருந்தது. கதவுக்கு உள்ளே சனங்கள் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒரு குழந்தை பிறக்கிறது. காஸ்தன் யாரோடும் பேசுவதில்லை. ஓரிடத்தில் அரசி என் கையைத் தட்டி நிறுத்தினாள். மறுபடி படிக்கச் சொன்னாள். காஸ்தன் தன் அக்காவின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறான், சொல்ல வரவில்லை என்கிற இடம். மூன்று தடவை படித்தேன். அவள் தலையசைத்துக்கொண்டே இருந்தாள்.

நாளைக்குச் சித்திரை ஒன்று. அண்ணன் மாங்காய் கொடுத்துவிட்டார், பச்சடிக்கு. முந்திரிப் பழமும் ஒரு கவர். பஸ் முழுக்க அந்த வாசனை.

ஏப்ரல் 16, புதன்

பெரம்பலூரில் இன்று தெரபி. நான் போகவில்லை, அண்ணன் சொன்னது. மாட்டைப் பார்த்து “அதான்”. சாவியைப் பார்த்து “அதான்”. குடைக்கு “கு... குடை” வந்ததாம். அடுத்து வந்தது கதவுப் படம். அதை மட்டும் கையில் வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டாளாம். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அதையும் அண்ணன் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். அன்று முழுக்க அரசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம். சாயந்திரம் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் மேகம், மழை வரும் போல் இருந்தது, வரவில்லை. புழுக்கம்.

கடைசி அத்தியாயம். மெதுவாகப் படித்தேன், வேண்டுமென்றே. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் வலது பக்கம் மெலிகிறது. அரசியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் லாரி வந்துவிட்டது, மூட்டை ஏற்ற. அண்ணன் எழுந்து போக மனசில்லாமல் போனார். போன வாரத்திலிருந்து அவரும் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்.

பனி உருகுகிறது. படை உருகிப் போகிறது, சண்டையில்லாமல். இணையத்தில் இதைத்தான் எல்லாரும் திட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. எனக்குக் குறையாகத் தெரியவில்லை. காஸ்தன் கதவைத் திறக்கிறான். வெளியே தேடுகிறான். அக்கா கிடைக்கவில்லை, அவளுடைய எதுவும் கிடைக்கவில்லை. சனங்கள் கூப்பிடுகிறார்கள், அவன் உள்ளே திரும்பவில்லை. கதவுக்கு வெளியே ஒரு குடிசை போட்டுக்கொள்கிறான். வடக்கே இருந்து யாராவது வழி தவறி வந்தால் விளக்கு தெரிய வேண்டும் என்று. விளக்கு ஏற்றுகிறான். முடிந்தது.

புத்தகத்தை மூடினேன். என்னவோ சொல்ல வேண்டும் என்றிருந்தது. நல்லா முடிச்சுட்டான்ல என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள், கொஞ்சம் கனமாக. இனி எதற்காகக் காத்திருப்பது என்று எனக்குத் தோன்றியது போலத்தான் அவளுக்கும் தோன்றியிருக்கும்.

லாரி கிளம்பியதும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். மூடிய புத்தகத்தைப் பார்த்தார்.

“முடிஞ்சிடுச்சா? அடடா. கடைசில என்னதான் ஆச்சு வசந்தி? அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்?”

நான் வாயைத் திறந்தேன். அரசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாக.

“நா... நான்” என்றாள்.

அண்ணன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“பனி” என்றாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. “பனி... போச்சு.”

“ம்.”

“தம்பி... அதான்...” தொடையில் அடித்துக்கொண்டாள். கண்ணை மூடித் தேடினாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். “தம்பி... தொற... தொறந்தான்.”

“தொறந்துட்டானா? ம்.”

“அக்கா... இல்ல.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே அரியலூர் பஸ் ஹாரன் அடித்தது. என் பஸ். நான் எழவில்லை.

“அப்புறம்?” என்றார் அண்ணன்.